மஞ்சக் கடுதாசியும் சாப்டர் 7-ம்: அமெரிக்காவில் கடன் தலைக்கு மேல் போனால்

ஊரில் கடை நொடித்துப் போனவரைப் பற்றி, "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராம்" என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 2019-ல் நியூ ஜெர்சியில் நானும் என் கணவரும் திவால் மனு போட்டபோது எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகூட வரவில்லை. "அந்தப் பேப்பர் வேலை என்னாச்சு?" அவ்வளவுதான். இப்போது தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது போன் செய்கிறார்கள், பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு. கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். நான் வக்கீல் இல்லை. அந்த வழியாக ஒருமுறை போய் வந்தவள். அந்தக் கணக்கில் இதைப் படியுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

கவர்களைப் பிரிப்பதில். எங்கள் வீட்டில் பிரிக்காத கவர்கள் ஒரு காலி அரிசிப் பையில் கிடந்தன, கழுத்து வரைக்கும். ஒரு சனிக்கிழமை அதைத் தரையில் கொட்டி, ஒரே கடனுக்கு வந்த கடிதங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினோம். கடைசியில் ஏழு குவியல்தான் வந்தது. பை நிறைய இருந்ததெல்லாம் அந்த ஏழு பேர் திரும்பத் திரும்ப எழுதியது.

கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனிகளிலும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரி பில் அதில் வராமல் போகலாம். அண்ணனிடம் வாங்கிய கைமாற்று, நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சீட்டு இரண்டும் அதில் வராது. சீட்டை எடுத்துவிட்டீர்கள் என்றால் கட்ட வேண்டிய பாக்கி கடன். இன்னும் எடுக்கவில்லை என்றால் அது உங்கள் சொத்து. இரண்டுமே மனுவில் வர வேண்டும்.

யாருக்கு, எவ்வளவு, ஈடு ஏதாவது உண்டா, கேஸ் போட்டிருக்கிறார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு நான்கு கிரெடிட் கார்டில் 38,000 டாலர், இன்ஷூரன்ஸ் இல்லாத இரண்டு மாதத்தில் வந்த ஆஸ்பத்திரி பில் 19,000, அண்ணனுக்கு 4,000, கார் லோன் தனி. அந்தத் தாளை எழுதி முடித்த ராத்திரிதான் ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

குவியலில் கோர்ட் சம்மன் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது. அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் எதிர்த்தரப்பு கேட்டபடியே தீர்ப்பாகிவிடும். அப்புறம் சம்பளத்தில் கை வைப்பார்கள். சாதாரணக் கடனுக்கு, பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் அதிகபட்சம் 25 சதவீதம் வரை பிடிக்க மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு.

திவால் மனு போடாமல் வேறு வழியே இல்லையா?

இருக்கலாம். நிரந்தரச் சம்பளம் இருந்து, வட்டிதான் கழுத்தை நெரிக்கிறது என்றால், லாப நோக்கில்லாத கடன் ஆலோசனை அமைப்புகள் கார்டு கம்பெனிகளிடம் பேசி வட்டியைக் குறைத்து, மூன்று முதல் ஐந்து வருடத்தில் அசலைக் கட்டி முடிக்கத் திட்டம் போட்டுத் தருவார்கள். எங்களுக்கு அது எட்டவில்லை. கணவருக்கு வேலையே இல்லை.

நாங்கள் ஏமாந்தது வேறு இடத்தில். "உங்கள் கடனைப் பாதியாகக் குறைக்கிறோம்" என்று ஒரு கம்பெனி போனில் வந்தது. கார்டுகளுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், மாதம் 400 டாலர் எங்கள் கணக்கில் போடுங்கள், பணம் சேர்ந்ததும் பேரம் பேசுகிறோம் என்றார்கள். ஐந்து மாதம் போட்டோம். அதற்குள் ஒரு கார்டு கம்பெனி கேஸ் போட்டுவிட்டது. இப்படிப் போனில் பிடிக்கும் கம்பெனிகள், ஒரு கடனையாவது பேசித் தீர்ப்பதற்கு முன்னால் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் 2010-லேயே விதி போட்டிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை: பேரம் பேசித் தள்ளுபடி ஆகும் தொகை 600 டாலருக்கு மேல் போனால், உங்கள் வருமானம் என்று காட்டி 1099-சி என்ற வரிப் படிவம் அனுப்புவார்கள். அதற்கு வரி கட்ட வேண்டி வரலாம். திவாலில் தள்ளுபடியாகும் கடனுக்கு அந்த வரி கிடையாது.

சாப்டர் 7-ஆ, 13-ஆ?

இரண்டும் அமெரிக்கத் திவால் சட்டத்தின் பிரிவுகள். சாப்டர் 7 என்றால், சட்டம் விட்டுவைக்கும் அளவுக்கு மேல் உங்களிடம் இருக்கும் சொத்தை, கேஸைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுப்பார். மிச்சக் கடன் தள்ளுபடி. நடைமுறையில் பலரிடம் விற்க ஒன்றும் இருக்காது. நான்கு மாதத்தில் முடிந்துவிடும். சாப்டர் 13 என்றால் சொத்து கையில் இருக்கும், ஆனால் மூன்று முதல் ஐந்து வருடம் கோர்ட் ஒப்புக்கொண்ட திட்டப்படி மாதாமாதம் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் தவணை பாக்கி விழுந்து, வீட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு 13-தான் சரி.

7-க்குத் தகுதியா என்று பார்க்க வருமானச் சோதனை ஒன்று உண்டு. மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களின் வருமானத்தை எடுத்து, அதே அளவுக் குடும்பத்துக்கு உங்கள் மாநிலத்தில் இருக்கும் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். அதற்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. மேலே இருந்தாலும் கதவு மூடிவிடாது, செலவுக் கணக்கு நீளும். இந்த ஆறு மாதக் கணக்கில்தான் சூட்சுமம். என் கணவருக்கு வேலை போனபோது மொத்தமாகக் கொடுத்த பணம் 2018 அக்டோபரில் வந்தது. 2019 ஏப்ரலில் மனு போட்டிருந்தால் அக்டோபரும் கணக்கில் சேர்ந்திருக்கும். மே மாதம் போட்டதால் நவம்பரிலிருந்துதான் கணக்கு. ஒரு மாதம் பொறுத்ததில் சோதனை சுலபமாகத் தாண்டியது.

என்ன செய்யக் கூடாது?

போன் செய்பவர்களிடம் நான் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்வதுதான் இங்கே வினையாகிறது.

"வங்கிக்காரன் கிடக்கட்டும், முதலில் சொந்தக்காரன் பணத்தைக் கொடுத்துவிடலாம்" என்பது நம்மில் எல்லோருக்கும் வரும் யோசனை. சட்டம் அதைத் தலைகீழாகப் பார்க்கிறது. மனுவுக்கு முந்தைய 90 நாட்களில் ஒரு கடன்காரருக்கு மட்டும் தனியாகக் கட்டிய பணத்தை டிரஸ்டி திரும்பக் கேட்கலாம். வாங்கியவர் சொந்தக்காரர் என்றால் ஒரு வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். நாங்கள் 2018 ஏப்ரல் கடைசியில் அண்ணனுக்கு 2,000 டாலர் திருப்பிக் கொடுத்திருந்தோம். அதைச் சொன்னதும் வக்கீல் காலண்டரைத் திருப்பினார். மே மாதம் வரை பொறுத்ததற்கு அது இரண்டாவது காரணம். அவசரப்பட்டிருந்தால் டிரஸ்டியின் கடிதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும். மிச்சம் 4,000-க்கு அண்ணன் பெயரையும் கடன்காரர் பட்டியலில் போட வேண்டியிருந்தது, கோர்ட் நோட்டீஸும் அவருக்குப் போயிற்று. முன்கூட்டியே போன் செய்து சொன்னது நல்லதாகப் போயிற்று. தள்ளுபடி ஆன பிறகு நீங்களாக விருப்பப்பட்டுக் கொடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். நாங்கள் அப்படித்தான் கொடுத்து முடித்தோம்.

401(கே) என்ற ஓய்வுக்கால சேமிப்புப் பணத்தை எடுத்துக் கார்டுக்குக் கட்டாதீர்கள். அந்தப் பணத்தைக் கடன்காரர் பொதுவாகத் தொடவே முடியாது. அதை எடுத்து, வரியும் அபராதமும் கட்டி, எப்படியும் தள்ளுபடி ஆகப்போகிற கடனில் கொட்டுகிறார்கள். நான் கேட்ட கதைகளில் வயிறு எரிவது இதற்குத்தான். பணம் முழுக்கக் கரைந்த பிறகுதான் வக்கீலைப் பார்க்கிறார்கள்.

காரைத் தம்பி பெயருக்கு மாற்றுவது, ஊர் நிலத்தை அம்மா பெயருக்கு எழுதிக் கொடுப்பது, மனு போடப்போகிறோம் என்று தெரிந்தே கார்டைத் தேய்ப்பது எல்லாம் இதே ரகம். கடனே தள்ளுபடி ஆகாமல் போகலாம். வேண்டுமென்று மறைத்தால் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நகை? ஊரில் இருக்கும் வீடு?

எழுத வேண்டும். சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும், உங்களுடையது என்றால் எழுத வேண்டும்.

நகை என்ற இடத்தில் நான் "200 டாலர்" என்று எழுதியிருந்தேன். வக்கீல் தாளைப் பார்த்தார், அப்புறம் என் கழுத்தைப் பார்த்தார். "அது என்ன?" தாலிக்கொடி என்று சொன்னேன், கல்யாண மோதிரம் மாதிரி என்று விளக்கினேன். "எவ்வளவு எடை?" ஏழு பவுன். பவுனுக்கு எட்டு கிராம் என்று அவருக்குச் சொல்ல, அவர் 56 என்று குறித்துக்கொண்டார். வாங்கிய விலை வேண்டாம், இன்றைக்கு விற்றால் கைக்கு என்ன வரும் என்றார். செய்கூலி, சேதாரம் எல்லாம் போய், 1,900 டாலர் என்று வந்தது. நகைக்கு விட்டுவைக்கும் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. எதை எவ்வளவு விட்டுவைக்கலாம் என்பதற்கு மத்தியச் சட்டத்தில் ஒரு பட்டியல், மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. சொந்த வீடு இல்லாதவர்கள் வீட்டுக்கான விலக்கில் ஒரு பகுதியை வேறு எந்தப் பொருளுக்கும் வைத்துக்கொள்ள மத்தியப் பட்டியலில் வழி உண்டு. மீதி அதில் அடங்கியது. நியூ ஜெர்சியில் அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். பல மாநிலங்களில் மாநிலப் பட்டியல்தான். தாலி கழுத்திலேயே இருக்கிறது.

ஊரில் மாமனார் விட்டுப்போன ஓட்டு வீட்டில் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதையும் எழுதினோம். டிரஸ்டி இரண்டு கேள்வி கேட்டார், விட்டுவிட்டார். நகரத்தில் நல்ல மனை என்றால் விட்டிருக்க மாட்டார். அப்படி ஏதாவது இருந்தால் மனு போடுவதற்கு முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மனு போட்ட பிறகும் 180 நாட்களுக்குள் உங்களுக்கு வாரிசுச் சொத்து ஏதாவது சேர்ந்தால் அதுவும் கணக்கில் வரும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மனு போட்டால் என்ன நடக்கும்?

மனு போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றில் கடன் ஆலோசனை வகுப்பு எடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். சாப்டர் 7-க்குக் கோர்ட் கட்டணம் 338 டாலர், தவணையிலும் கட்டலாம். வக்கீல் கட்டணத்தை முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். பாக்கி வைத்தால் அதுவும் தள்ளுபடிப் பட்டியலில் சேர்ந்துவிடுமே!

மனு பதிவான நிமிடத்திலிருந்து வசூல் போன், கேஸ், சம்பளப் பிடித்தம் எல்லாம் நிற்க வேண்டும். எங்கள் மேல் இருந்த கேஸும் அப்படியே நின்றது.

அடுத்து 341 கூட்டம் என்ற கடன் கொடுத்தவர்கள் கூட்டம், மனு போட்டு 21 முதல் 40 நாட்களுக்குள். பெயர்தான் பயமாக இருக்கும். நாங்கள் நெவார்க்குக்கு நேரில் போனோம். இப்போது பெரும்பாலும் ஜூமில். நீதிபதி இருக்க மாட்டார். டிரஸ்டி சத்தியப் பிரமாணம் வாங்கிவிட்டு, மனுவை நீங்களே படித்துக் கையெழுத்துப் போட்டீர்களா, எல்லாச் சொத்தையும் காட்டியிருக்கிறீர்களா, யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்தீர்களா என்று கேட்பார். கடன்காரர்கள் வந்து கேள்வி கேட்கலாம். எங்களுக்கு ஒருவரும் வரவில்லை. ஆறு நிமிடம். நான் கட்டிக்கொண்டு போன ஃபைலை அவர் திறக்கச் சொல்லவே இல்லை. அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் மட்டும் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டாவது வகுப்பு ஒன்று உண்டு. மறந்தால் தள்ளுபடி உத்தரவே வராமல் கேஸ் முடிந்துவிடும். மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாக் கடனும் போய்விடுமா?

கார்டு, ஆஸ்பத்திரி, கைமாற்று போகும். ஜீவனாம்சம், பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை போகாது. சமீபத்திய வருமான வரி போகாது. படிப்புக் கடனுக்குத் தனியாக வழக்குப் போட்டு, கட்டவே முடியாத கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். அரசுக் கடனுக்கு 2022-லிருந்து நீதித்துறை அதைக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறது. கார் வேண்டும் என்றால் தவணையைத் தொடர்ந்து கட்டியாக வேண்டும். உங்கள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தப்ப மாட்டார், உங்கள் பாரம் அவர் தலையில் இறங்கும். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விசா, கிரீன் கார்டு பறிபோகுமா என்று கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். மனு போடக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, போட்டதற்காக மட்டும் நாட்டை விட்டு அனுப்பவும் மாட்டார்கள். மனுவில் பொய் சொல்வதுதான் குடியேற்றத்திலும் தலைவலி. வேலையில் இருப்பவரைத் திவால் என்ற ஒரே காரணத்துக்காக நீக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு எடுக்கும் தனியார் கம்பெனி யோசிக்கலாம். கிரெடிட் ரிப்போர்ட்டில் சாப்டர் 7 பத்து வருடம் நிற்கும். ஆனால் எங்களுக்கு இரண்டாவது மாதமே கார்டு எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது, எட்டு வருடத்துக்கு இன்னொரு முறை சாப்டர் 7 தள்ளுபடி வாங்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

உத்தரவு செப்டம்பரில் தபாலில் வந்தது, இரண்டே பக்கம். 2021-ல் பழைய கார்டுக் கடனை வாங்கிய யாரோ ஒருவர் போன் செய்து, இன்றைக்கே 50 டாலராவது கட்டுங்கள் என்றார். கேஸ் நம்பரைச் சொல்லி, அந்த இரண்டு பக்கத்தை ஈமெயிலில் அனுப்பினேன். அதற்குப் பிறகு அழைக்கவில்லை. ஸ்கேன் இன்னும் போனில் இருக்கிறது.