மரபணுவைப் படித்துப் புரதத்தைக் கையால் எழுதுவது எப்படி

செல் புரதம் ஆக்கும் முறையைப் படங்களில் பார்த்தவர்களும், ஒரு மெய்யான மரபணுவின் எழுத்துகளைத் தாங்களே படித்துப் பார்க்கும்போதுதான் அதன் நுட்பத்தை முழுமையாக உணர முடியும். இதற்கு மிகவும் ஏற்றது, நமது 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு. ஹீமோகுளோபினின் ஒரு பகுதி இதிலிருந்தே உருவாகிறது.

டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி (A, T, G, C) என்னும் நான்கு காரங்கள். இந்த மரபணுவின் இரு இழைகளில் படியெடுக்கப்படும் வார்ப்புரு இழையில் புரதத்துக்குரிய பகுதியின் தொடக்கத்தை, 3' எனப்படும் முனையிலிருந்து 5' எனப்படும் மறுமுனை நோக்கி, இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: டிஏசி, சிஏசி, ஜிடிஏ, ஜிஏசி, டிஜிஏ, ஜிஜிஏ, சிடிசி, சிடிசி. திசையைக் குறிக்காமல் விட்டால் பின்னால் வரும் அனைத்தும் பிழையாகும் என்பதால், முனைகளை மறவாமல் குறிப்பது நல்லது.

முதல் வேலை படியெடுத்தல். உட்கருவில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி செய்வதுபோலவே, ஒவ்வொரு எழுத்துக்கும் இணையை எழுதுங்கள் (ஆர்.என்.ஏ.வில் டி-க்குப் பதில் யூ (U) வரும்): ஏ-வுக்கு யூ, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி. கிடைக்கும் தூது ஆர்.என்.ஏ.: ஏயூஜி, ஜியூஜி, சிஏயூ, சியூஜி, ஏசியூ, சிசியூ, ஜிஏஜி, ஜிஏஜி. இந்த மரபணுவின் நடுவே உள்ள, புரதத்துக்குப் பயன்படாத பகுதிகளான 2 இன்ட்ரான்களைச் செல் படியிலிருந்து வெட்டி நீக்கிவிடும். நாம் எடுத்த பகுதி முழுவதும், நீக்கப்படாமல் எஞ்சும் பகுதிகளில் முதலாவதான முதல் எக்ஸானுக்குள் இருப்பதால் அந்த வேலை நமக்கு இல்லை.

அடுத்து, 64 கோடான்கள், அதாவது மூன்றெழுத்துச் சொற்கள், கொண்ட அட்டவணையைப் பார்த்து, புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களை எழுத வேண்டும்: மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், மீண்டும் குளுட்டாமிக் அமிலம். செல்லில் இந்த அட்டவணையின் வேலையைச் செய்பவை கடத்து ஆர்.என்.ஏ.க்கள். கோடானுக்குப் பொருந்தும் எதிர்க்கோடானை ஒரு முனையிலும், உரிய அமினோ அமிலத்தை மறுமுனையிலும் தாங்கி அவை, புரதத்தை ஆக்கும் ரைபோசோமுக்கு வருகின்றன. பொருத்தம் சரிதானா என்று சோதிப்பது ரைபோசோமின் சிறிய துணை அலகு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதன் அமைப்பை ஆராய்ந்தே 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெரிய துணை அலகில் அமினோ அமிலங்களைப் பெப்டைடு பிணைப்பால் இணைப்பது புரதம் அன்று, அங்குள்ள ஆர்.என்.ஏ.வே என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் உண்மை.

எங்கே தொடங்குவது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தொடக்கக் கோடானான ஏயூஜி-யின் ஏ-வை விட்டுவிட்டு அடுத்த எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: யூஜிஜி, யூஜிசி, ஏயூசி, யூஜிஏ. டிரிப்டோபான், சிஸ்டீன், ஐசோலியூசின் என மூன்றே அமிலங்களில், புரதத்தை முடிக்கச் சொல்லும் நிறுத்தக் கோடான் (யூஜிஏ) வந்துவிடுகிறது. சரியான சட்டகத்தில், அதாவது சரியான எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்து, படித்தாலோ 147 கோடான்களைக் கடந்த பிறகே யூஏஏ என்னும் நிறுத்தக் கோடானை அடைவீர்கள். முதலில் வரும் மெத்தியோனினைச் செல் பின்னர் நீக்கிவிடுவதால் முதிர்ந்த புரதத்தில் 146 அமினோ அமிலங்களே இருக்கும்.

இப்போது வார்ப்புரு இழையின் முதல் சிடிசி-யைச் சிஏசி என மாற்றி மீண்டும் எழுதுங்கள். ஜிஏஜி இருந்த இடத்தில் ஜியூஜி வரும். முதிர்ந்த புரதத்தின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் அமரும். சட்டகம் கலையாததால் மற்றவை அப்படியே இருக்கும். அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மாற்றம் இதுவே.