ஜேர்மனியிலிருந்து நோர்வேக்குக் காரில்: முதலில் ஃபெரி, பிறகுதான் மற்றதெல்லாம்

பெரியம்மா வீடு நோர்வேயின் பேர்கனில். கோடை விடுமுறைக்கு நாங்கள் ஹம்பேர்க்கிலிருந்து காரிலேயே போய் வருகிறோம். முதல் முறை நான் போட்ட திட்டத்தில் ஒரு முழு நாள் வீணாய்ப் போனது. புதிதாக வெளிக்கிடுகிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காக, இப்போது நாங்கள் செய்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

காப்புறுதி, டயர், எண்ணெய் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நோர்வே, எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஷெங்கன் வலயத்துக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. வதிவிட அனுமதி அட்டையை மட்டும் கொண்டு போகாதீர்கள். கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

1. கடல் தாண்டும் ஃபெரியை முதலில் பதியுங்கள்

ஹோட்டலைப் பதிந்துவிட்டு ஃபெரி தேடினால், அந்த நாளில் இடம் இருக்காது, அல்லது விலை ஏறியிருக்கும். எங்கள் பாதை இதுதான்: டென்மார்க்கின் யூட்லாண்ட் குடாநாட்டு வழியாக அதன் வடகரையில் உள்ள ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகம். ஹம்பேர்க்கிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர், சுங்கக் கட்டணம் இல்லாத நெடுஞ்சாலை. அங்கிருந்து நோர்வேயின் தெற்குக் கரையில் உள்ள கிறிஸ்தியான்சாண்டுக்குக் கப்பல். கலர் லைன் நிறுவனத்தின் கப்பலில் மூன்றேகால் மணித்தியாலம். ஃபியோர்ட் லைனில் ஸ்தவாங்கர் வழியாகப் பேர்கனுக்கே இரவுக் கப்பலும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு வழியெல்லாம் காட்ட வேண்டும் என்பதால் நான் கிறிஸ்தியான்சாண்ட் பாதையைத்தான் விரும்புகிறேன்.

விலை ஒப்பிடும் தளங்களில் பார்க்கலாம். வாங்குவதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். பிறகு எதையாவது மாற்ற வேண்டி வந்தால் நடுவில் இன்னொருவர் நிற்க மாட்டார். ஏன் மாற்ற வேண்டி வரும் என்பது அடுத்த பகுதியில் இருக்கிறது.

2. வண்டியை அளவுநாடா கொண்டு அளவுங்கள்

ரிக்கற் பதியும்போது வண்டியின் உயரமும் நீளமும் கேட்பார்கள். நான் முதல் முறை "சாதாரண கார்" என்று தெரிவுசெய்து காசு கட்டிவிட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் கூரைமேல் சாமான் பெட்டியைப் பூட்டினோம். துறைமுகத்தில் வரிசைக்கு மேலே உயரம் பார்க்கும் தடி இருந்தது. எங்களை வெளியே எடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். உயரமான வண்டிகளுக்கான தளத்தில் இடம் முடிந்திருந்தது. வித்தியாசக் காசையும் கட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தோம். அன்றிரவு ஹோட்டல் காசும் போனது. பின் இருக்கையில் பிள்ளைகள் அழுததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கப்பலுக்குள் கார்த் தளங்களின் கூரை தாழ்வானது. அதனால்தான் உயரத்துக்கு ஒரு எல்லை வைக்கிறார்கள். எத்தனை சென்ரிமீற்றர் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பதியும் பக்கத்திலேயே இருக்கும், வாசியுங்கள். காரின் கையேட்டில் உள்ள உயரம் கூரைப் பெட்டி இல்லாத உயரம்.

அளக்கும் முறை: பெட்டியைப் பூட்டிய பின், சமதரையில் நிறுத்தி, பெட்டியின் உச்சியில் ஒரு நேரான பலகையைக் கிடையாக வையுங்கள். பலகையின் அடிப்பக்கத்திலிருந்து தரைவரை அளவுங்கள். அதோடு சில சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். நீளத்தில் பின்னால் மாட்டும் சைக்கிள் தாங்கியும் சேரும். இரண்டு எண்களையும் கடதாசியில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வழியில் வாகனத் தரிப்பிடங்களுக்கும் அது உதவும்.

3. ஃபியோர்ட் ஃபெரிகள்

ஃபியோர்ட் என்பது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நுழையும் கடல். அதைத் தாண்டும் ஃபெரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவே தேவையில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு சொல்லில் சொல்லலாம்: இதுவும், அங்கே வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையான "பாதை"தான். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் போனவர்களுக்கு எல்லாம் பழக்கமானதாகவே இருக்கும். ரோட்டு தண்ணீருக்குள் முடியும், வரிசையில் நிற்பீர்கள், ஏற்றிப் போய் அக்கரையில் விடுவார்கள்.

கிறிஸ்தியான்சாண்டிலிருந்து துரொண்ட்ஹைம் போகும் ஈ39 வீதியில் இப்படி ஏழு இடங்கள். பேர்கன் வரைக்கும் இரண்டு: மோர்தவீக்கா–ஆர்ஸ்வோகன், சாண்ட்விக்வோக்–ஹால்யெம். பேர்கனுக்கு வடக்கே போனால் லாவிக்–ஒப்பெடால் கடவையை விடாதீர்கள். உலகின் முதல் மின்சாரக் கார் ஃபெரியான ஆம்பியர் 2015இல் ஓடத் தொடங்கியது அங்கேதான். கீழே இருப்பது சொக்ன ஃபியோர்ட், ஆழமான இடத்தில் 1,300 மீற்றர். இவ்வளவு ஆழத்தில் பாலத்துக்குத் தூண் எப்படி நடுவது?

இந்த ஃபெரிகளில் கமரா இலக்கத்தகட்டைப் படிக்கும், பில் பிறகு வரும். கட்டணம் வண்டியின் நீளத்துக்கு. ஆட்களுக்குத் தனியாக இல்லை. வெளிநாட்டு வண்டியை எந்தத் தளத்தில் முன்கூட்டியே பதிவது என்று போவதற்கு முன் பாருங்கள்.

கூகுள் மப்ஸ் காட்டும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். வரிசையில் நிற்கும் நேரம் அதில் வராது. நான் ஒவ்வொரு ஃபெரிக்கும் முக்கால் மணித்தியாலம் கூட்டுகிறேன். நேர அட்டவணைக்கு என்ரூர் செயலி போதும்.

பிற்சேர்க்கை: வாடகைக் காரில் போன ஒரு தம்பி எழுதியிருந்தார். ஃபெரி பில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் கையாளும் கட்டணமும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வாடகைக் கார் என்றால், நோர்வேக்கும் கப்பலுக்கும் அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள்.

4. சாப்பாட்டுப் பெட்டி

உருளைக்கிழங்கு கொண்டுபோகக் கூடாது, தடை. இதை ஒரு அக்கா கேட்ட பிறகுதான் சேர்க்கிறேன். ஒரு மூட்டையோடு வெளிக்கிட இருந்தாராம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து இறைச்சி, பாற்கட்டி போன்றவை ஆளுக்கு 10 கிலோ வரை கொண்டுபோகலாம். மதுபானத்துக்கும் அளவு உண்டு.

5. கப்பலில் ஏறிய பிறகு

கைத்தடையை இழுங்கள், கியரில் விடுங்கள், காரின் அலாரத்தில் அசைவு உணரியை நிறுத்துங்கள். தளத்தின் இலக்கத்தைப் படம் எடுங்கள். கடல் கடக்கும்போது கார்த் தளத்துக்குத் திரும்பிப் போக விடமாட்டார்கள். ஆகவே பிள்ளைகளின் உடுப்பு, தண்ணீர், மருந்து எல்லாம் ஒரு சின்னப் பையில் மேலே வர வேண்டும். டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் இடையிலான ஸ்காகராக் கடல் சிலநாள் கொந்தளிக்கும். வாந்தி வராமல் இருக்கும் மாத்திரையைக் கரையிலேயே கொடுங்கள்.

6. திரும்பி வருதல்

ஒஸ்லோவில் சொந்தக்காரர் இருந்தால் அங்கிருந்து சுவீடன் வழியாக வாருங்கள். சுவீடனின் ஹெல்சிங்போரியிலிருந்து டென்மார்க்கின் ஹெல்சிங்யோருக்கு ஃபெரியில் 20 நிமிடம், பிறகு டென்மார்க்கின் ரொட்பியிலிருந்து ஜேர்மனியின் புட்கார்டனுக்கு 45 நிமிடம். இரண்டிலும் அடிக்கடி கப்பல் இருப்பதால், ஒன்று தவறினாலும் அடுத்ததில் ஏறலாம். ரொட்பிக்கும் புட்கார்டனுக்கும் இடையில் கடலடிச் சுரங்கம் கட்டுகிறார்கள். இரு கரையிலும் வேலை நடப்பதால், துறைமுகத்துக்குப் போகும் வழிக்கு வீதிப் பலகைகளையே பாருங்கள்.