தனியாகக் கப்பல் பயணம் செய்யும்போது காலில் அடிபட்டால்

சிங்கப்பூரின் மெரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு நான்கைந்து நாளில் திரும்பும் பயணத்தைத் தனியாகவே மேற்கொள்கிறவர்கள் உண்டு. அதன் நடுவே படியிலோ ஈரத்தளத்திலோ கால் பிசகிவிட்டால், உடன் யாரும் இல்லையே என்ற எண்ணம்தான் வலியைவிட அதிகமாக ஆளைக் கலங்கடிக்கும். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் கப்பலில், உங்களுக்கு அடிபட்டது நீங்கள் வாய்திறந்து சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. குடும்பத்தோடு வந்தவருக்குக் குடும்பத்தார் செய்யும் உதவியை, தனியாக வந்தவர் ஊழியர்களிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். விடிந்தால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திப் படுத்துக்கொள்வது கூடவே கூடாது.

விழுந்தவுடன் எழுந்து நிற்க முயலாமல், அருகில் இருப்பவரை அழையுங்கள். அறைக்குள் விழுந்திருந்தால் தொலைபேசியில் மருத்துவ அறையைக் கூப்பிடுங்கள். பெரிய பயணிகள் கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். எக்ஸ்ரே வசதியும் பெரும்பாலும் உண்டு. கணுக்காலில் அடிபட்ட யாருக்கு எக்ஸ்ரே தேவை என்பதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதிகளைப் பல நாட்டு மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறது என்றாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கால் கோணியிருந்தால், விரல்கள் மரத்தோ வெளிறியோ போனால், அல்லது தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், நடந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. காலை அசைக்காமல் அப்படியே இருந்து உதவிக்குக் காத்திருங்கள்.

வெறும் சுளுக்குதான் என்று தெரிந்துவிட்டால், அறையைக் கவனிக்கும் ஊழியரிடம் ஐஸ் கட்டி கேளுங்கள். அதைத் துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வரை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல்கள் நீலம் பாரிக்காத அளவுக்குச் சுற்றி, தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தடவி உருவிவிடுவது நம் வீடுகளில் கைவந்த வைத்தியம் என்றாலும், முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அதுவும், வெந்நீர் ஒத்தடமும், மேல்தளத்து வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம், வீக்கம் கூடும்.

அடுத்து ரிசப்ஷன். நடக்க முடியாது என்பதைச் சொல்லி, அவசர காலத்தில் உதவி தேவைப்படுவோர் பட்டியலில் உங்கள் பெயரையும் அறை எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாக அபாயச் சங்கு ஊதினால், எல்லோரும் லிஃப்டைத் தவிர்த்துப் படிகளில் போக வேண்டியிருக்கும்; கால் ஊன்ற முடியாத ஒருவர் எந்த அறையில் இருக்கிறார் என்பது அப்போது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியையும் அங்கேயே கேளுங்கள். கப்பலுக்குச் சொந்தமானவற்றைப் பொதுவாக ஏறி இறங்குவதற்கு மட்டுமே தருவார்கள் என்பதால், மீதி நேரத்துக்கு ஊன்றுகோலோ வாடகை நாற்காலியோ கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அறைக்குள் மிகுந்த கவனம் வேண்டிய இடம் குளியலறை வாசல். தண்ணீர் வெளியே வராதபடி அங்கே ஒரு சிறு திண்டு உயர்ந்து நிற்கும். அரைத்தூக்கத்தில் ஒற்றைக் காலால் அதைத் தாண்டும்போதுதான் மறுபடி விழ நேரும். இரவில் குளியலறை விளக்கை அணைக்காதீர்கள். திண்டையோ படியையோ ஏறும்போது நல்ல கால் முதலிலும், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலிலும் செல்ல வேண்டும். ஒற்றைக் கைத்தடி என்றால் அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். இரு கைகளிலும் ஊன்றுகோல் இருக்கையில் பஃபே தட்டைத் தூக்க முடியாது. ஆகையால், பரிமாறும் உணவகத்துக்குச் செல்லுங்கள், அல்லது சாப்பாட்டை அறைக்கே வரவழையுங்கள். கைப்பேசி, அறைச் சாவி அட்டை, மாத்திரை ஆகிய மூன்றும் கழுத்தில் தொங்கும் சிறு பையில் எப்போதும் இருக்கட்டும்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு ஒட்டி நிற்கும் என்பதால் இறங்குவது எளிது. ஆனால் ஜார்ஜ் டவுனின் பழைய கடைகளுக்கு முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்குபவை, ஓரத்தில் சாக்கடையும் உண்டு. காரில் அமர்ந்தபடியே ஊரைச் சுற்றிப் பாருங்கள். புக்கெட்டில் பத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுச் சிறு படகில் அழைத்துச் செல்வது வழக்கம். அலையில் ஏறித் தாழும் அந்தப் படகுக்குள் ஊன்றுகோலோடு கால் வைப்பது ஆபத்து. அன்று கப்பலிலேயே தங்கிவிடுங்கள், வருத்தமாக இருந்தாலும்.

மருத்துவச் செலவு அறைக் கணக்கில் ஏறும், தொகையும் கணிசமாக இருக்கும். இந்தியாவில் எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் உதவாது என்பதால், பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லி, மருத்துவரின் அறிக்கை, எக்ஸ்ரே நகல், ரசீது ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்கிய இடத்தைப் படமெடுத்து, விபத்துப் பதிவு எழுதச் சொல்லுங்கள். வழியிலேயே கரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தால், பாஸ்போர்ட்டையும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்த நாட்டில் தங்குவதற்கான விசா ஏற்பாட்டைப் பற்றி, கரையில் கப்பலின் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரிடம் பேசும்படி ரிசப்ஷனைக் கேளுங்கள்.

இறங்குவதற்கு முந்தைய மாலையே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்து, பெட்டியை அறை வாசலில் வைத்துவிடுங்கள். விமான நிறுவனத்துக்கும் அதே போல முன்கூட்டியே சொல்ல வேண்டும்; படியேற முடியுமா, இருக்கை வரைக்கும் நாற்காலி வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொன்னால்தான் சரியான உதவி வரும். புதிதாக மாவுக்கட்டு போட்டிருந்தால், சென்னைக்குப் பறப்பது போன்ற இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 48 மணி நேரம் கழிய வேண்டும் என்றோ, மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்திருக்க வேண்டும் என்றோ பல விமான நிறுவனங்கள் கேட்கும், ஏனெனில் பறக்கும்போது கால் கட்டுக்குள்ளேயே வீங்கக்கூடும். அசையாத காலில் இரத்தம் உறையும் வாய்ப்பும் அதிகம். அதைத் தடுக்கும் மருந்து வேண்டுமா என்று கப்பல் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். வீடு சேர்ந்த பிறகு வரும் வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.