விற்காத ஃபண்டுக்கும் வரி: அமெரிக்கா செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியை (தவணை முதலீட்டை) அப்படியே ஓடவிட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறவர்கள் செய்யும் முதல் தவறு, "விற்றால்தானே வரி" என்ற எண்ணத்தையும் உடன் கொண்டுபோவதுதான். இந்தியாவில், லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே சேர்க்கும் குரோத் திட்டத்து யூனிட்டுகளைப் பணமாக்கும்வரை மூலதன ஆதாய வரி கிடையாது. அமெரிக்கச் சட்டமோ இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை, 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தத்தில் பிறந்த 'பாசிவ் ஃபாரின் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி' (பெரும்பாலும் முதலீட்டு வருமானத்தில் இயங்கும் வெளிநாட்டு நிறுவனம்) என்ற வகையில் சேர்க்கிறது. கணக்கர்கள் இதைச் சுருக்கமாகப் பிஃபிக் என்பார்கள்.

இதற்கான வரிக் கணக்கீட்டு முறை எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டால், விற்கும்போது கிடைக்கும் ஆதாயம் வைத்திருந்த நாள்களுக்குப் பிரித்துப் போடப்படும்; அமெரிக்க வரிக்கு உட்பட்ட முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் (இப்போது 37 சதவீதம்) வரியும், அதன்மேல் வட்டியும் சேரும். இதைத் தவிர்க்கப் பலர் நாடுவது 'மார்க் டு மார்க்கெட்' முறை. இதில் விற்காமலே, ஆண்டிறுதி மதிப்பில் கூடிய தொகை சாதாரண வருமானமாகக் கருதப்படும். நீண்டகால ஆதாயத்துக்கான சலுகை விகிதம் கிடைக்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜனவரி 1 அன்று 30,000 டாலராக இருந்த ஃபண்ட் டிசம்பர் 31இல் 36,000 ஆனால், கைக்கு ஒரு காசும் வராத 6,000 டாலர் வருமானத்தில் சேரும்; 24 சதவீத அடுக்கில் இருப்பவர் 1,440 டாலர் கட்ட வேண்டும். மறு ஆண்டு அது 28,000 ஆகச் சரிந்தால் இழப்பு 8,000. ஆனால் முன்பு வரி கட்டிய 6,000 வரைதான் கழிக்க முடியும். சந்தை ஏறிய ஆண்டில் இந்த வரிக்கென்று பணம் ஒதுக்காமல் இருப்பது ஆபத்தான தவறு. மூன்றாண்டுப் பூட்டுக்காலம் கொண்ட இஎல்எஸ்எஸ் என்ற வரிச் சேமிப்பு ஃபண்டில் இது இன்னும் கடுமையாகும்: அக்காலம் முடியாத ஒரு யூனிட்டைக்கூட வரி கட்டுவதற்காக விற்க இயலாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இந்தத் தேர்வைத் தள்ளிப்போடும் தவறு. அமெரிக்க வரிக்கு உட்படும் முதல் ஆண்டிலேயே இம்முறையைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டின் முதல் நாள் சந்தை மதிப்பு வாங்கிய விலையைவிடக் கூடுதலாக இருக்கும்போது, அந்த மதிப்பே இந்தக் கணக்கின் தொடக்கமாகும். ஊரில் 10 ஆண்டுகளாகச் சேர்ந்த லாபம் இந்தக் கணக்குக்குள் வராது. சில ஆண்டுகள் கழித்து விழித்துக்கொண்டு தேர்ந்தெடுப்பவருக்கோ, அந்த முதல் கணக்கிலேயே முன்சொன்ன உச்ச விகிதமும் வட்டியும் விழும்.

அச்சத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடுவதும் சரியன்று. இந்திய நிறுவனம் ஒன்றின் பங்கை நேரடியாக வைத்திருப்பது, அது உண்மையாகத் தொழில் நடத்தும் நிறுவனமாக இருந்தால், பொதுவாகப் பிஃபிக் ஆகாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டைப் புறப்படுவதற்கு முன்பே விற்றால், 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரியோடு (செஸ் முதலியன தனி) முடிந்துவிடக்கூடும்.

பிஃபிக் விவரங்களை அமெரிக்க வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 8621ஐ ஃபண்டுக்கு ஒன்றாக ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். ஆண்டிறுதியில் பிஃபிக் மொத்த மதிப்பு 25,000 டாலருக்கு (கூட்டாகத் தாக்கல் செய்வோருக்கு 50,000) மேற்படாவிட்டால் விலக்கு உண்டு என்பதைப் பிடித்துக்கொள்பவர்கள், மார்க் டு மார்க்கெட் தேர்வு செய்தவர்களுக்கு அது பொருந்தாது என்பதைக் கவனிப்பதில்லை. அளிக்க வேண்டிய படிவத்தை அளிக்காவிட்டால், வழக்கமான மூன்றாண்டுத் தணிக்கைக் காலவரம்பு ஓடத் தொடங்காமல் நிற்கும்.

வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அளிக்கும் எஃப்பார் என்ற அறிக்கை இதற்கு மாற்றாகாது, அது தனி. புறப்படும் முன் ஒவ்வொரு தவணையின் தேதியும் விலையும் கொண்ட கணக்கு அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு, ஆண்டின் முதல் நாள், கடைசி நாள் என்ஏவியையும் (ஒரு யூனிட்டின் மதிப்பு) அன்றைய டாலர் மதிப்பையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.