‘யாராவது வாங்க’ என்று கத்தாதீர்கள்

முதலுதவிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நெஞ்சை எப்படி அழுத்துவது, ரத்தம் வழிவதை எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் வருகிறவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பில் அதிக நேரம் பிடிப்பது வேறொன்று: சுற்றி நிற்கிற கூட்டத்தில் ஒருவரையாவது அசையவைப்பது எப்படி? அதற்கு நான் சமூக உளவியலைத்தான் நம்பியிருக்கிறேன்.

கூட்டம் சும்மா நிற்பதைப் பார்த்து “மனிதாபிமானமே செத்துப்போச்சு” என்று திட்டுவது சுலபம். 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோதும், 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று நாளிதழில் வந்தது. அது மிகைப்படுத்திய செய்தி என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அதைப் படித்த ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் யாரையும் திட்டாமல், சோதித்துப் பார்த்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் குரல் கேட்கும். இது தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நாலு பேருக்குக் கேட்கிறது என்று நினைத்தவர்களில் ஓடியது 31 சதவீதம்தான். 1968-ல் வந்த ஆய்வு இது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மீதிப்பேரின் நிலை. கை நடுங்க, உள்ளங்கை வியர்க்க, “அவருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டிருக்கிறார்கள். அக்கறை இருந்தது, ‘இது என் வேலை’ என்ற எண்ணம்தான் வரவில்லை.

அதே ஆண்டு இன்னொரு சோதனையில் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கூடவே அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்தபோது, சொன்னது 10 சதவீதம். பக்கத்து ஆள் அமைதியாக இருக்கிறாரே, அப்போ ஒன்றுமில்லை போலிருக்கிறது என்ற கணக்கு.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் நடப்பது என்ன என்று சத்தமாகச் சொல்லுங்கள்: “இவருக்கு மூச்சு இல்லை!” தூங்குகிறாரா, குடித்திருக்கிறாரா என்ற சந்தேகம் அதோடு போய்விடும். அடுத்து ஒரே ஒருவரைப் பார்த்து, கை நீட்டி, “நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்கதான். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க. பேசி முடிச்சதும் என்கிட்ட வந்து சொல்லுங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டும் என்றால் வேலை அவருடையதாகிவிடும். அப்புறம் இன்னொருவர்: “கண்ணாடி போட்ட அக்கா, கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.” முன்பின் தெரியாதவரை ஏவுவதற்கு எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அதனால் என் வகுப்பில் இந்த வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகவைக்கிறேன். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வேடிக்கை பார்க்கிற இடத்தில் நீங்கள் நின்றால், சுற்றியுள்ளவர்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர்களும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் என்றாலே பிரயோஜனமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லான்காஸ்டர் நகரங்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பது தகராறுகளில் யாரோ ஒருவராவது குறுக்கே போயிருக்கிறார். அந்த முதல் ஆள் நகர்ந்தால் மற்றவர்களுக்கும் கால் வரும்.

கூட்டத்தின் பிடி ஆபத்து நேரத்தில் மட்டும் இல்லை, தன்னார்வலர்களை வைத்து நாங்கள் நடத்தும் ஆலோசனைக் கூட்டத்திலும் உண்டு. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் கூட இருந்த மற்ற எல்லோரும் ஆஷ் முன்பே சொல்லிவைத்தபடி தப்பான பதில் தந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான முறை ஆட்கள் அதோடு ஒத்துப்போனார்கள். ஒரே ஒருவர் சரியான பதில் சொன்னால் போதும், அந்த அளவு முன்பிருந்ததில் ஏறக்குறைய கால்வாசியாக இறங்கியது. ஆகவே பேச்சு தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுத்தாளில் கருத்தை எழுதி வாங்குங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். மாற்றுக்கருத்து மனதில் இருந்தால், மெதுவாகவாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களைப் போலவே நினைக்கிற இன்னொருவர் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும்.

மனப்பான்மையை மாற்றுவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். பிரசங்கம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1966-ல் ஃபிரீட்மன், ஃபிரேசர் என்ற இருவர், வீட்டு முன்னால் ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற பெரிய, பார்க்கச் சகிக்காத பலகையை வைக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரம் முன்பே அதே விஷயத்துக்காகச் சின்னஞ்சிறு அட்டை ஒன்றை வைக்கச் சம்மதித்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். சிறிதாக ஒன்றைச் செய்தபிறகு, ‘நான் இந்த மாதிரி ஆள்’ என்று நம்மைப் பற்றி நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். விற்பனை ஆட்களுக்கும் இந்த வித்தை நன்றாகத் தெரியும், ஜாக்கிரதை.

ரத்ததானத்துக்கு ஆள் சேர்க்கும்போது “கொடுப்பீங்களா?” என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள், முகாம் அன்று ஆள் இருக்காது. “எந்தத் தேதி, காலையிலா மாலையிலா?” என்று கேட்டு, அவர்கள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். தேதி சொல்லத் தயங்குகிறவரை வற்புறுத்துவதும் இல்லை. முகாமுக்கு நாற்காலி போட வர முடியுமா என்று மட்டும் கேட்பேன்.