பெரிய காலிபர், அமுங்கும் பெடல்: என் அனுபவம்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் முன்பக்கப் பிரேக்கில் நான்கு பிஸ்டன் காலிபரும் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) பெரிய டிஸ்க்கும் மாட்டினோம். அதன் பிறகு பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டியாகும், காலை எடுத்துக் கொஞ்சம் பொறுத்து மிதித்தால் மறுபடி அமுங்கும். லீக் எங்கும் இல்லை.

நாகர்கோவிலில் புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தார்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். ஸ்கேனர் போட்டு ஏபிஎஸ் பம்ப்பிலும் ஏர் எடுத்தார்கள். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினோம். ஒன்றும் பலிக்கவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் முன்பக்கக் காலிபர்களுக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, "இப்ப மிதிச்சுப் பாருங்க" என்றார். பெடல் கல் மாதிரி நின்றது. அப்படியானால் கோளாறு காலிபரில்தான். (இரும்பு வலை போட்ட ஹோஸில் இதைச் செய்யக் கூடாது, கெட்டுவிடும்.)

சக்கரத்தைக் கழற்றினால், ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது! முதலில் மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காற்று மேலே ஏறி நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஆயில் ஓட்டினாலும் அந்தக் காற்று வெளியே வராது. பிஸ்டன் அளவும் இதையே சொன்னது: டிஸ்க் சுற்றிக் காலிபருக்குள் நுழையும் பக்கம் சிறிய பிஸ்டன் வர வேண்டும், இங்கே பெரியது இருந்தது.

பக்கம் மாற்றி, ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போட்டு, மறுபடி ஏர் எடுத்தோம். முதல் மிதியிலேயே பெடல் கெட்டி. அப்பாடா! அப்புறம் பேச்சிப்பாறை ரோட்டில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் குறைத்து ஓட்டிப் பேடை டிஸ்க்கோடு படியவிட்டேன்.