எயார் ரைபிள் பழகுவோருக்கு: விசையையும் விரலையும் சரிசெய்வது எப்படி?

ஆறு மாதமாக என் இலக்கு அட்டையில் ஒரே வியாதி. பத்துச் சூட்டில் ஏழு நன்றாக விழும். மூன்று மட்டும் ஒன்பது மணிப் பக்கம், அதாவது இடப்பக்கம் ஓடி 8ஆம் வளையத்தில் போய் நிற்கும். சைட்டை (குறி பார்க்கும் கருவியை) வலப்பக்கம் திருப்பினேன். நன்றாக விழுந்த ஏழும் வலப்பக்கம் போய்விட்டன. பிழை துவக்கிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, விசையில் (ட்ரிகரில்) வைத்த விரலில்தான் என்று பிடிபட அவ்வளவு காலம் எடுத்தது. கொழும்பில் புதிதாக 10 மீட்டர் எயார் ரைபிள் பழக வரும் தம்பி தங்கைகளுக்காவது அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும்.

நிற்கும் முறை, மூச்சு, குறி பார்ப்பது எல்லாம் பயிற்றுநர் முதல் கிழமையே சொல்லித் தந்திருப்பார். நேரே விசைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இலக்கு அட்டையில் 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒவ்வொரு வளையத்துக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர்தான். தோளிலிருந்து குழல் முனை வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்தால், முனை கால் மில்லிமீட்டர் விலகினாலே ஒரு வளையம் போய்விடும். விசையைப் பக்கவாட்டில் தள்ளும் விரலுக்குக் கால் மில்லிமீட்டர் பெரிய வேலையே இல்லை.

படி 1: துவக்கைச் சந்தேகத்திலிருந்து விடுவியுங்கள்

மேசையில் மணல் பையை வைத்து, அதன்மேல் துவக்கைத் தாங்கி ஐந்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுடுங்கள். தட்டை முகப் பெல்லட்டாக இருக்கட்டும். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாக விழுந்தால் துவக்கு சுத்தம். சிதறினால் வேறு வகைப் பெல்லட் போட்டுப் பாருங்கள். 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தலையளவு மாறும்போதே சில குழல்களில் ஓட்டைகள் நெருங்கி விழும். டின்னில் வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டை எடுக்காதீர்கள். எங்கள் கடற்கரை ஈரத்தில் டின்னைத் திறந்தபடி விட்டால் அப்படி ஆகும். அது ஈயம், தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம்.

படி 2: விசையின் பாரத்தை அளந்து பாருங்கள்

விசை அளக்கும் கருவி வாங்கத் தேவையில்லை. சின்னத் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் கம்பிக் கொக்கி கட்டுங்கள். பெல்லட் இல்லாத துவக்கை, குழல் மேலே பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்து, கொக்கியை விசையில் மாட்டி, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றச் சொல்லுங்கள். விசை விடுபட்டதும் போத்தலைச் சமையலறைத் தராசில் வையுங்கள். பயணப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை நான் நம்புவதில்லை. 100 கிராம் அளவில் அது கண்டபடி காட்டும்.

போட்டித் துவக்கின் விசைக்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் இலேசாக நகரும், பிறகு ஒரு சுவரில் முட்டும். அந்தச் சுவரைத் தாண்டினால்தான் வெடிக்கும். பாரம் குறையக் குறைய நல்லது என்று நினைத்து அந்தச் சுவரையே இல்லாமல் செய்தேன். முட்டும் இடம் தெரியாததால் எப்போது வெடிக்கும் என்ற பயத்தில் விரல் உதறத் தொடங்கியது. இப்போது 100 கிராம் அளவில் சுவரைத் தெளிவாக வைத்திருக்கிறேன். புதியவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு. பாரத்துக்குரிய திருகை மட்டும், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது தொடுங்கள். விசையை இழுக்கும் வரை துவக்கை வெடிக்காமல் பிடித்து வைப்பது கொளுவி. அதன் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு வேறு. அந்தத் திருகைத் தொட்டால் துவக்கு தானாகவே வெடிக்கலாம்.

வேட்டைத் துவக்குக்காரரும் இதையேதான் தேடுகிறார்கள். அமெரிக்காவில் பிரெய்ரி டொக் போன்ற சின்னப் பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுபவர்கள் தடித்த குழலும் இலேசான விசையும் கேட்பார்கள். மூன்றரைக் கிலோத் துவக்கில் இரண்டு கிலோ இழுவை இருந்தால், விசையை இழுக்கும் கை துவக்கையும் சேர்த்தே இழுக்கும். சாவேஜ் துவக்கு நிறுவனத்தின் அக்யூட்ரிகர் என்ற விசை 2000களின் தொடக்கத்தில் பேர் வாங்கியது, வாங்கியவரே பாரத்தைப் பயமில்லாமல் குறைத்துக்கொள்ள முடிந்ததால்தான்.

படி 3: விரல் (ஆறுதலாக வாசியுங்கள்)

என் கை சிறியது. விசை எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதனால் விரல் நுனி மட்டும் சரிவாகப் பட்டு, இழுக்கும்போதெல்லாம் இடப்பக்கம் தள்ளியது. வலக்கைக்காரருக்கு நுனி மட்டும் பட்டால் இடப்பக்கம் தள்ளும், விரல் கூடுதலாக உள்ளே போனால் வலப்பக்கம் இழுக்கும்.

விரல் படும் விசைத் தகட்டை முன்பின் நகர்த்தலாம். அலன் சாவியால் தளர்த்தி ஆறு மில்லிமீட்டர் பின்னால் கொண்டுவந்தேன். கை பிடியை விட்டு நகராமல், விரலின் முதல் மூட்டுக்கு முன்னுள்ள சதை தகட்டில் நேராகப் பட வேண்டும். விரலின் மற்றப் பகுதி மரத்தில் முட்டக் கூடாது. பக்கத்தில் நிற்கும் நண்பரை மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். விரல் குழலின் திசைக்கு நேரே பின்னால் வருகிறதா, சரிந்து வருகிறதா என்று அவருக்குத்தான் வடிவாகத் தெரியும். அன்று மாலையே ஒன்பது மணிப் பக்கம் ஓடியவை நின்றன. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

படி 4: வெற்றுச் சூடு

குழல் முனைக்கருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பெல்லட் இல்லாமல் சுடுங்கள். நாணயம் விழாமல் இருக்க வேண்டும். முதல் கட்டத்தை எடுங்கள், சுவரில் நில்லுங்கள், குறி அமைந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வெடித்த பிறகும் மூன்று எண்ணும் வரை விரலை எடுக்காதீர்கள். எட்டு விநாடிக்குள் சூடு போகாவிட்டால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை போதும்.

துவக்கு கிளப் அலுமாரியில் பூட்டியிருக்கும். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போகும்போது நான் அழுத்துப் பேனாவால் பழகுவேன். பேனாவின் முனை உள்ளே போகத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மெல்ல அழுத்துவேன்.

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே பிடிக்காது. அவர் பார்த்த காலம் அப்படி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் எங்கள் நாட்டுத் தெஹானி எகொடவெலவும் டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் நின்றார்கள் என்று காட்டினேன். அதன் பிறகுதான் மனம் இளகினார்.

பிற்சேர்க்கை: படி 4ஐப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் துவக்கில் வெற்றுச் சூடு செய்தவர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் செய்யாதீர்கள். பெல்லட் தடுக்காவிட்டால் உள்ளேயிருக்கும் பிஸ்டன் வேகமாகப் போய் மோதி உடையலாம். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் உள்ள போட்டித் துவக்குகள் பலவற்றில் வெற்றுச் சூட்டுக்கென்றே ஒரு நெம்பி இருக்கும். அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு தங்கை, தான் இடக்கைக்காரர், எல்லாம் மாறியா விழும் என்று கேட்டிருந்தார். ஆம், படி 3இல் சொன்ன இடமும் வலமும் உங்களுக்கு அப்படியே மாறும்.